சஃபோக் கிராமத்துச் செங்கல்லும் பினாங்கு மழையும்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் ஏறித் தீவை நோக்கிப் போயிருப்பீர்கள். கரை நெருங்கும்போது வலப்பக்கமாகக் கொஞ்சம் பாருங்கள். உயரமான கட்டடங்களுக்கு முன்னால், கடலோரமாக, மரங்களுக்கு நடுவே தாழ்வாகக் கிடக்கிறது கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது அது கோட்டையே இல்லை. நிபோங் பனை மரத்தை வெட்டி வரிசையாக நட்ட ஒரு வேலி. இன்று நீங்கள் பார்க்கும் செங்கல் மதில் 1804க்குப் பிறகு கட்டத் தொடங்கி, 1810இல் முடிந்தது. கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்.

மரம் ஏன் செங்கல் ஆனது? ஊரில் இவ்வளவு மழை பெய்தும், காற்றில் இவ்வளவு உப்பு இருந்தும் அந்தச் செங்கல் இருநூறு ஆண்டுகள் எப்படித் தாங்கியது? நேற்றுப் பூசிய நம் வீட்டுச் சுவர் மட்டும் ஏன் முழங்கால் உயரத்தில் பொரிந்து பொரிந்து விழுகிறது? இதற்கெல்லாம் பதில் தேட, முதலில் லைட் பிறந்த ஊர்ப்பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும்.

லைட் பிறந்தது இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள சஃபோக் என்ற மாவட்டத்தில். விவசாயக் கிராமங்கள் நிறைந்த பகுதி. கட்டடம் கட்ட நல்ல பாறை கிடைக்காத பகுதி. கல் இல்லாத ஊரில் மக்கள் என்ன செய்வார்கள்? காலடியில் இருக்கும் களிமண்ணைப் பிசைந்து சுடுவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் செய்ததும் அதுதான், சஃபோக்கில் செய்ததும் அதுதான்.

பழைய ஆங்கிலக் கிராமத்து வீட்டில் செங்கல் முதலில் இடம்பிடித்தது சுவரில் அல்ல, புகைபோக்கியில். வீட்டின் எலும்புக்கூடு ஓக் மரச்சட்டம். சட்டங்களுக்கு இடையே குச்சியும் களிமண்ணும். கூரையில் வைக்கோல். இப்படிப்பட்ட வீட்டுக்குள் குளிருக்காக நாள் முழுதும் நெருப்பு எரிய வேண்டும் என்றால், அந்த நெருப்பைச் சுற்றியாவது எரியாத பொருள் இருக்க வேண்டுமல்லவா? எனவே வீட்டின் நடுவில் ஒரு பெரிய செங்கல் கணப்பு, அதன் மேல் கூரையைத் துளைத்துப் போகும் செங்கல் புகைபோக்கி. 1666இல் லண்டன் நகரம் எரிந்து சாம்பலானது. அதற்குப் பிறகு லண்டனில் புதிய வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. கிராமங்களும் மெல்ல மெல்ல நகரத்தைப் பின்பற்றின. ஜார்ஜ்டவுன் கதையும் கிட்டத்தட்ட இதே கதைதான். மரமும் அத்தாப்பும் கொண்டு நெருக்கமாகக் கட்டிய தெருக்களில் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகே செங்கல் கடைவீடுகள் பெருகின.

சரி, செங்கல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம்.

களிமண்ணை வெயிலில் காயவைத்தால் கெட்டியாகும். தண்ணீரில் போட்டால் மறுபடியும் சேறாகிவிடும். ஆனால் சூளையில் ஏறக்குறைய 500 முதல் 600 பாகை செல்சியசைத் தாண்டும்போது, களிமண் தாதுக்களின் உள்ளே வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. இனி அது திரும்பிச் சேறாக முடியாது. 900 பாகையைத் தாண்டினால் மண் துகள்களின் விளிம்புகள் இலேசாக உருகிக் கண்ணாடிபோல் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. செங்கல்லின் வலிமை இந்த ஒட்டுதலில்தான் இருக்கிறது. நிறம்? மண்ணில் உள்ள இரும்பு, சூளையின் உயிர்வளியோடு சேர்ந்து சிவப்பு இரும்பு ஆக்சைடாகிறது. துருவின் நிறமும் செங்கல்லின் நிறமும் உறவுக்காரர்கள்.

ஆனால் சஃபோக்கில் செங்கல் எப்போதும் செந்நிறமாக இருக்காது! அந்த மாவட்டத்தில் வுல்பிட் என்று ஒரு கிராமம். அங்கே செய்த கற்கள் வெண்மை கலந்த பாலாடை நிறத்தில் இருந்தன. 'சஃபோக் வெள்ளை' என்றே அவற்றுக்குப் பெயர். காரணம், அந்தக் களிமண்ணில் சுண்ணாம்பு அதிகம். சுடும்போது கால்சியம் இரும்பைத் தன்னோடு வேறு சேர்மங்களாகக் கட்டிவைத்துவிடுவதால் சிவப்பு தலைகாட்ட முடிவதில்லை. மண்ணின் வேதியியல் ஒரு ஊரின் தெரு நிறத்தையே மாற்றிவிட்டது.

செங்கல்லின் அளவிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இன்றைய பிரிட்டிஷ் செங்கல்லின் நீளம் 215 மில்லிமீட்டர், அகலம் 102.5 மில்லிமீட்டர். சாந்து இடைவெளி 10 மில்லிமீட்டர். இரண்டு அகலத்தையும் ஒரு சாந்தையும் கூட்டுங்கள்: 102.5 + 10 + 102.5. சரியாக 215! அதாவது, இரண்டு கற்களைக் குறுக்காக வைத்தால் ஒரு கல்லை நெடுக்காக வைத்ததற்குச் சமம். இதனால்தான் கொத்தனார் கற்களைத் திருப்பித் திருப்பி வைத்து ஒரு வரிசையின் இடைவெளி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேர் மேலே வராமல் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஒரு வரிசை முழுக்க நீளப் பக்கம் தெரிய, அடுத்த வரிசை முழுக்கக் குறுகிய பக்கம் தெரிய அடுக்கினால் அதற்கு 'ஆங்கிலக் கட்டு' என்று பெயர். ஒரே வரிசையில் நீளமும் குறுக்கும் மாறி மாறி வந்தால் 'ஃபிளெமிஷ் கட்டு'. முதலாவது உறுதிக்குப் பெயர் போனது, இரண்டாவது அழகுக்கு. பூச்சு உதிர்ந்த பழைய சுவர் எதையாவது கண்டால் நின்று கவனியுங்கள். எந்தக் கட்டு என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

இந்த அளவுக்குள் அரசியலும் புகுந்து விளையாடியிருக்கிறது. அமெரிக்காவுடன் நடத்திய போரால் கடனாளியான பிரிட்டிஷ் அரசு, 1784இல் செங்கல்லுக்கு வரி போட்டது. எடைக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. உடனே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சூளைக்காரர்கள் பெரிய பெரிய செங்கற்களாகச் செய்யத் தொடங்கினார்கள்! 1803இல் அரசு விழித்துக்கொண்டு, குறிப்பிட்ட கன அளவைத் தாண்டிய கல்லுக்கு இரட்டை வரி என்றது. 1850இல் அந்த வரி ஒழிந்தது. சன்னலுக்கும்கூட வரி இருந்த காலம் அது. வரி கட்ட மனமில்லாதவர்கள் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அப்படி அடைத்த சன்னல்களை ஆங்கிலக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம்.

சஃபோக்கில் என்னை மிகவும் கவர்ந்தது வீடு அல்ல, வீட்டைச் சுற்றியுள்ள ஒரு வகைத் தோட்டச் சுவர். நேராகப் போகாது, பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து போகும். இங்கிலாந்தில் இத்தகைய சுவர்களுக்குப் பெயர் பெற்ற பகுதி சஃபோக்தான். வீண் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். அது சிக்கனம்! நேரான சுவர் காற்றில் சாயாமல் நிற்க வேண்டும் என்றால் இரண்டு கல் கனமாவது வேண்டும், அல்லது இடையிடையே முட்டுத்தூண் வேண்டும். வளைந்த சுவருக்கோ ஒரே ஒரு கல் கனம் போதும். வளைவு தானே அகலமான அடித்தளத்தைக் கொடுத்துவிடுகிறது. வளைவதால் நீளம் கூடுமே என்பீர்கள். கூடும்தான். சுவர் முழுக்க அரைவட்டங்களாகவே வளைந்தால்கூட நீளம் பையின் பாதி மடங்குதான், அதாவது சுமார் 1.57 மடங்கு. இரண்டு மடங்கை விட இது குறைவு. ஒரு தாளை நேராக மேசைமேல் நிறுத்திப் பாருங்கள், விழும். அதையே விசிறி மாதிரி மடித்து நிறுத்துங்கள், நிற்கும். அவ்வளவுதான் தத்துவம்.

இனி பினாங்குக்குத் திரும்புவோம்.

லைட் தம் மிளகுத் தோட்டத்துக்குத் தம் ஊரின் பெயரையே வைத்தார்: சஃபோக். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில், மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளிக்குப் பக்கத்தில் இன்று நிற்கும் இரண்டு மாடி மாளிகைதான் சஃபோக் ஹவுஸ். அதை லைட் கட்டிய வீடு என்று பலர் சொல்வார்கள். கணக்கு இடிக்கிறது. லைட் 1794இல் மலேரியாவால் இறந்துவிட்டார். இப்போதுள்ள செங்கல் மாளிகை அதற்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. பெயர் மட்டுமே அவருடையது.

சஃபோக் கிராமத்து வீட்டையும் இந்தச் சஃபோக் ஹவுசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செங்கல் ஒன்று, சுண்ணாம்புச் சாந்து ஒன்று. மற்றதெல்லாம் தலைகீழ். அங்கே தாழ்ந்த கூரை, சிறிய சன்னல், நடுவில் நெருப்பு. இங்கே உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், ஆள் உயரத்துக்கு மேற்பட்ட திறப்புகள், காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் சாய்பலகைக் கதவுகள்.

ஏன்? கனமான செங்கல் சுவர் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாகக் கொடுக்கும். ஒன்பது அங்குலச் சுவரில் வெளிப்பக்கச் சூடு உள்ளே வந்து சேர ஏறக்குறைய ஆறேழு மணி நேரம் ஆகலாம். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் இது வரம். மாலையில் கணப்பில் எரித்த விறகின் சூட்டைப் புகைபோக்கிச் செங்கல் வாங்கி வைத்துக்கொண்டு, நெருப்பு அணைந்த பிறகும் இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பினாங்கில்? பிற்பகல் இரண்டு மணி வெயில் இரவு ஒன்பது மணிக்கு உங்கள் படுக்கையறைக்குள் வந்து சேரும்! பாலைவன ஊரில் இரவு நன்றாகக் குளிரும், அதனால் கனச்சுவர் அங்கே பயன்படும். நமக்கோ பகல் 32 பாகை என்றால் இரவிலும் 24 பாகைக்குக் கீழே அரிதாகத்தான் இறங்குகிறது. எனவே இங்கே வேண்டியது வெப்பத்தைச் சேமிக்கும் சுவர் அல்ல. சுவர்மேல் வெயிலே படாத நிழலும் ஓயாத காற்றும்தான். மலாய் வீடு காலங்காலமாக இதை அறிந்து தூண்கள்மேல் நின்றது. பின்னாளில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்கள் பலவும் கீழே செங்கல், மேலே மரம் என்று மாறியது தற்செயலா என்ன?

அவர்கள் தவறு செய்யாமல் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு ஃபார்குவார் தெருவிலுள்ள புனித ஜார்ஜ் தேவாலயம் சாட்சி. 1818இல் கைதிகளின் உழைப்பில் செங்கல்லால் எழுந்த அந்த ஆலயத்துக்குச் சென்னைக் கட்டடங்கள் போலத் தட்டையான மொட்டை மாடிக் கூரை வைத்தார்கள். சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பினாங்கில் சுமார் 2,500. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூரையோடு போராடிவிட்டு, 1864இல் சரிவான கூரைக்கு மாறினார்கள்.

மழை மேலிருந்து வந்தால் கூரை தடுக்கும். கீழிருந்து வந்தால்?

இதுதான் பழைய செங்கல் கட்டடங்களின் உண்மையான நோய். ஒரு செங்கல்லின் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். காய்ந்த கல் ஒன்றை எடைபோட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடியும் எடைபோடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் பத்து முதல் இருபது விழுக்காடுவரை நீரைக் குடித்திருக்கும். சுவரின் அடி ஈர மண்ணில் நின்றால் அந்தத் துளைகள் வழியே நீர் மேலே ஏறும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீர் தானாக ஏறுவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்களே, அதே நுண்புழை ஏற்றம்தான். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். ஆரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால் சுமார் 15 சென்டிமீட்டர் ஏறும். நூறில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மீட்டர்! நடைமுறையில், ஏறும் நீரும் மேற்பரப்பில் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடுகிறது.

வெறும் நீர் என்றால் பெரிய ஆபத்தில்லை. அது தனியாக வருவதில்லை. மண்ணிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பையும் சுமந்து வருகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு எங்கே போகும்? அங்கேயே படிகமாகும். நுண்துளைக்குள் படிகம் வளர வளரச் செங்கல்லை உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். சில உப்புகள் இன்னும் மோசம். சோடியம் சல்ஃபேட் நீரை ஏற்றுப் படிகமாகும்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் பெருகும். காய்வதும் நனைவதுமாக நாள்கள் போகப் போக, ஓட்டுத்தோல் உரிவதுபோல் செங்கல்லின் முகம் உரிந்து செம்பொடியாகக் கொட்டும். இங்கிலாந்தில் இதே வேலையை உறைபனி செய்கிறது, நமக்கு உப்பு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பினாங்கின் பாரம்பரியக் கட்டடங்களில் இந்த உப்புத் தாக்குதலையும் ஏறும் ஈரத்தையும் ஆராய்ந்து 2010இல் கட்டுரையே வெளியிட்டார்கள்.

இங்கேதான் நம் தாத்தாக்கள் காலத்துச் சுண்ணாம்பு வருகிறது.

சுண்ணாம்புக் கல்லையோ சிப்பியையோ சூளையில் ஏறக்குறைய 900 பாகையில் சுட்டால் கால்சியம் கார்பனேட்டிலிருந்து கரிவளி வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு கிடைக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறிக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும். சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல வாங்கி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. கல்லாக இருந்தது, மாவாகிச் சுவரேறி, மீண்டும் கல்லாகிறது! ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை இது. இலேசான விரிசல் விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அங்கே படிந்து ஓரளவு அடைத்துவிடும்.

தமிழகத்துக் கொத்தனார்கள் இதற்கு மேலும் பக்குவம் சேர்த்தார்கள். சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரு பேராலயத்தை 1850களில் இந்தியக் கைதிகள் கட்டியபோது, உட்சுவரில் பூசியது 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்த்துக் குழைத்து, காய்ந்தபின் வழவழவென்று தேய்த்து மெருகேற்றுவார்கள். பளிங்கு போல் மின்னும். பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லாத அந்தக் கைகளின் தொழில்நுட்பம், ஆங்கிலேயக் கட்டட வரைபடத்தில் இல்லாத ஒன்று.

சுண்ணாம்புப் பூச்சின் பெரிய குணம், அது மூச்சு விடும் என்பது. சுவருக்குள் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். உப்பும் பெரும்பாலும் பூச்சிலேயே படிந்து பூச்சை மட்டும் கெடுக்கும், செங்கல் பிழைக்கும். பூச்சு தன்னைப் பலிகொடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூசிக்கொண்டால் போதும்.

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். விரைவாக இறுகும், மிகக் கெட்டி. புதுக் கட்டடத்துக்கு அது பொன்னான பொருள். பழைய சுவருக்கோ அது பிளாஸ்டிக் மழைச்சட்டை போட்டதுபோல். உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும், வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும், சிமெண்டுக்குப் பின்னால் உப்புப் படிகங்கள் திரளும். என் பாட்டி இருந்த பழைய வீட்டில் சுவர் பொரிந்ததென்று குத்தகைக்காரர் ஒருவர் கெட்டியாகச் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். இரண்டே ஆண்டில் முழங்கால் உயரத்திலிருந்த கறை இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பாட்டி அவரைத் திட்டிய திட்டு இங்கே அச்சேறாது.

சஃபோக் ஹவுசும் சாகக் கிடந்த வீடுதான். 1920களின் இறுதியில் மெதடிஸ்ட் சபை அதை வாங்கியபின் அது பள்ளிக்கூடமாக இருந்தது. சிற்றுண்டிச் சாலையாகவும் பல் மருத்துவ அறையாகவும்கூட இருந்தது. 1975இல் ஆபத்தான கட்டடம் என்று அதைக் கைவிட்டார்கள். கூரை போனது, மழை உள்ளே இறங்கியது, சுவரில் செடிகள் வேர்விட்டன. பல ஆண்டுகள் பலர் போராடிய பிறகே சீரமைப்பு தொடங்கி 2007இல் முடிந்தது. லைட்டின் மகன் வில்லியம் லைட் வடிவமைத்த நகரம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு என்பதால், அந்தத் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் உதவி வந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அதே ஆண்டுதான் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானதும்.

உப்பேறிய சுவரை எப்படிக் குணப்படுத்துகிறார்கள் தெரியுமா? முதலில் சிமெண்டை உரித்தெடுப்பார்கள். பிறகு காகிதக் கூழைத் தூய நீரில் நனைத்துச் சுவர்மேல் அப்புவார்கள். காலில் வீக்கம் வந்தால் பற்றுப் போடுவோமே, அதுபோல. நீர் செங்கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது அந்த உப்புநீரைத் தன்பக்கம் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த கூழை எடுத்து எறிந்துவிட்டு மறுபடி அப்புவார்கள். உப்பளவு குறையும்வரை இப்படியே தொடரும். கெடுத்த நுண்புழை ஏற்றத்தைக் கொண்டே குணப்படுத்துகிறார்கள் பாருங்கள்!

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு உடைந்த செங்கல் துண்டுகள், ஒரே அளவில். ஒரு தட்டில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் நான்கைந்து கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் ஆழம். கற்களை நிறுத்திவைத்து, ஈரம் ஏறும் உயரத்தை மணிக்கொரு முறை பென்சிலால் குறியுங்கள். காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் விடுங்கள், நீர் குறைந்தால் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்புத் தட்டிலுள்ள கல்லில் வெள்ளைப் பொடி எந்த இடத்தில் பூக்கிறது, அடியிலா, உச்சியிலா, ஈரமும் காய்ந்த பகுதியும் சந்திக்கும் கோட்டிலா என்று பாருங்கள். மூன்றாவதாக ஒரு கல்லின் பக்கங்களை நெகிழித்தாளால் சுற்றி, அதையும் உப்புத் தட்டில் நிறுத்தினால் சிமெண்டு பூசிய சுவரின் கதை கண்முன்னே நடக்கும். ஈரம் எவ்வளவு உயரம் போகிறது என்பதை மற்ற இரண்டோடும் ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.